துரு எங்கே பிடிக்கும்? வீட்டில் செய்த போர் மாடல்களுக்கு வண்ணம் பூசத் தொடங்குவோருக்கு

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காக நீங்களே ஓர் எண்ணெய்த் தொட்டி செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடல் பகுதி பிளாஸ்டிக் குழாயில் வெட்டிய துண்டு, மேல்மூடி தடித்த அட்டை, ஏணி வளைத்த கம்பி, ஆணித்தலைகள் ஊசி முனையால் வைத்த பசைச் சொட்டுகள். ஒட்டி முடித்துச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தால் அது தொட்டியாகவே தெரியாது. குழாய், அட்டை, கம்பி என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணில் படும். புதிதாகச் செய்கிறவர்கள் பலருக்கும் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மாடல் பாதிதான் முடிந்திருக்கிறது.

மீதிப் பாதியில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று வண்ணம் பூசுவது. வெவ்வேறு பொருள்களை ஒட்டிச் செய்த உருவத்தை ஒரே இரும்பாகவோ ஒரே கல்லாகவோ ஆக்குவது இதுதான். இன்னொன்றை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் வெதரிங் என்பார்கள். வெயில், மழை, மண், புகை, மனிதர்களின் கைகால் எல்லாம் பட்டு ஒரு பொருள் பழசாகிப்போனதைக் காட்டும் வேலை அது. இரண்டுக்கும் ஏகப்பட்ட உத்திகள் உண்டு. அவற்றுக்குள் நுழைவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கறை ஏன் இங்கே வந்தது? பதில் இருந்தால் அந்தக் கறையை வையுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

சின்னப் பொருள் ஏன் பொம்மையாகத் தெரிகிறது

மேசைப் போர் விளையாட்டில் பரவலாக இருப்பது 28 மில்லிமீட்டர் உருவங்கள். ஒரு போர்வீரனின் பாதத்திலிருந்து கண் வரை ஏறக்குறைய அவ்வளவு உயரம். இதற்குப் பொருந்தும் வண்டிகளையும் கட்டடங்களையும் பலர் 1/56 அளவில் செய்கிறார்கள். 20 மில்லிமீட்டர் என்றால் 1/72, 15 மில்லிமீட்டர் என்றால் 1/100, 6 மில்லிமீட்டர் என்றால் 1/300 என்று ஏறத்தாழ வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்கள் வண்ணம் பூசும்போதும் கூடவே வரும். 1/56 மாடலில் நீங்கள் 1 மில்லிமீட்டருக்கு வைக்கும் துருப் புள்ளி, உண்மையில் 56 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட மூன்று விரல் அகலத்துக்குப் பெயிண்ட் உதிர்ந்த இடம். 1/300 மாடலிலோ அதே புள்ளி 30 சென்டிமீட்டர், ஓர் அடி! அதனால்தான் 6 மில்லிமீட்டர் மாடல்களில் கீறல், உதிரல் எதுவும் நான் வைப்பதில்லை. நிழலும் மேல்வெளிச்சமும் இருந்தால் அங்கே போதும்.

பூச்சின் கனத்துக்கும் இதே கணக்குதான். சாதாரணத் தாள் 0.1 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அந்தக் கனத்துக்கு நீங்கள் பெயிண்டை அப்பினால், 1/56 கணக்கில் அது ஐந்தரை மில்லிமீட்டர் தடிமன். எந்த இரும்புத் தகட்டிலும் அப்படிப் பெயிண்ட் இருக்காது. ஆணித்தலைகளும் பலகை இடுக்குகளும் அதற்கடியில் மறைந்துபோகும். அக்ரிலிக் பெயிண்டில் தண்ணீர் கலந்து, தூரிகை போன தடம் தெரியாமல் தானாகச் சமமாகும் பதத்துக்குக் கொண்டுவந்து, ஒன்று காய்ந்தபின் இன்னொன்றாக இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகள் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான். முதல் பூச்சு திட்டுத்திட்டாக, அடி தெரியும்படி இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து அங்கேயே இன்னும் பெயிண்டை ஏற்றாதீர்கள். காயட்டும்.

அடுத்தது வெளிச்சம். நிஜக் கட்டடத்தில் கூரையின் விளிம்புக்குக் கீழே கரிய நிழல் விழும். மாடலில் அந்த விளிம்பு 2 மில்லிமீட்டர்தான் நீட்டிக்கொண்டிருக்கும். அறை விளக்கின் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பட்டுத் தெறிப்பதால், அதன் கீழே நிழல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஒரே நிறம் பூசிய மாடல் பொம்மை மாதிரித் தெரிவதற்குப் பெரிய காரணம் இந்த நிழலின்மைதான். ஆகவே நிழலையும் நாமே பூச வேண்டியிருக்கிறது, வெளிச்சத்தையும் நாமே பூச வேண்டியிருக்கிறது. பின்னால் சொல்லப்போகும் வாஷ், டிரை பிரஷ் இரண்டும் இதற்குத்தான். நிறத்தையும் உண்மையானதைவிட ஒரு படி வெளிறலாக எடுப்பது நல்லது. நிஜ வண்டியின் அதே பச்சையைக் கச்சிதமாகக் கலந்து பூசினாலும், மேசையில் வைத்தால் அது கறுத்துத் தெரியும்.

முதலில் அடிப்பூச்சு

வீட்டில் செய்த மாடலில் இந்தக் கட்டத்தை அவசரப்படுத்தவே கூடாது. கடையில் வாங்கும் மாடல் முழுக்க ஒரே பொருளால் ஆனது. நம்முடையதில் நான்கைந்து பொருள்கள் இருக்கும், ஒவ்வொன்றும் பெயிண்டை ஒவ்வொரு மாதிரி ஏற்கும்.

நுரைப் பலகையில் செதுக்கிய ஒரு கோட்டைச் சுவரை நான் இப்படித்தான் இழந்தேன். ஒவ்வொரு கல்லாகக் கோடு கீறி, அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி அதை அழுத்தி உருட்டிக் கல்லின் சொரசொரப்பைக் கொண்டுவந்திருந்தேன். (இது அருமையான வழி, கட்டாயம் செய்து பாருங்கள்.) பிறகு நேராக ஸ்ப்ரே டப்பாவை எடுத்து அடித்தேன். சில நொடிகளில் கற்கள் குழிந்து, விளிம்புகள் உருகி, சுவர் முழுக்கப் பொத்தல்கள். சாதாரண ஸ்ப்ரே பெயிண்டில் இருக்கும் கரைப்பான் பாலிஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும். தெர்மாகோலும் அதே பாலிஸ்டைரீன்தான், அதுவும் தப்பாது.

இதற்குத் தீர்வு எளிது. பி.வி.ஏ. எனப்படும் வெள்ளைப் பசையில் கறுப்பு அக்ரிலிக் பெயிண்டையும் கொஞ்சம் தண்ணீரையும் கலந்து, தூரிகையால் இரண்டு பூச்சு கொடுங்கள். கறுப்பு நிறம் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும், பசை நுரையின்மேல் ஒரு தோல் மாதிரிப் படியும். மேசையில் கைதவறி இடித்தாலும் மூலை அவ்வளவு சீக்கிரம் உடையாது. இடுக்கு விடாமல் மூடியிருந்தால் மட்டுமே அதன்மேல் ஸ்ப்ரே அடிப்பதைப் பற்றி யோசிக்கலாம். நான் நுரைக்குத் தூரிகையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அட்டையில் கவனிக்க வேண்டியது வெட்டிய விளிம்பு. அங்கே நார் பிரிந்து பெயிண்டை உறிஞ்சும், காய்ந்ததும் பஞ்சு மாதிரி நிற்கும். விளிம்பில் மட்டும் நீர்த்த பசையைத் தடவி, காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாக ஓட்டினால் இரும்புத் தகட்டின் விளிம்பு போலவே ஆகிவிடும். பெரிய அட்டைப் பரப்பில் ஒரு பக்கம் மட்டும் ஈரப் பூச்சு கொடுத்தால் அது வளைந்துபோகும். பின்பக்கமும் பூசிவிடுங்கள். குழாய் போன்ற வழவழப்பான பிளாஸ்டிக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். இல்லையென்றால் பெயிண்ட் பின்னால் நகம் பட்டதும் தோல் தோலாக உரியும். முப்பரிமாண அச்சில் எடுத்த பாகங்கள் இருந்தால் அவற்றின் அடுக்குக் கோடுகளை இப்போதே தேய்த்து விடுங்கள். வாஷ் அந்தக் கோடுகளில் ஓடி நிற்கும், டிரை பிரஷ் அவற்றை இன்னும் எடுத்துக்காட்டும்.

இதெல்லாம் முடிந்தபின் பிரைமர். மேலே வரும் பெயிண்ட் பிடித்துக்கொள்வதற்கான பூச்சு அது. முழுக்கக் கறுப்பு அடித்து, காய்ந்ததும் மேலிருந்து மட்டும், வெயில் விழும் கோணத்தில், வெளிர்ச் சாம்பலோ வெள்ளையோ லேசாக அடித்தால் எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்பது அப்போதே மாடலில் வந்துவிடும். ஸ்ப்ரே அடிப்பதைக் காற்றோட்டமான இடத்தில், முகமூடியோடு செய்யுங்கள்.

நிறம், நிழல், வெளிச்சம்

அடிநிறம் பூசிக் காய்ந்ததும் வாஷ். நிறமி குறைவாகவும் திரவம் அதிகமாகவும் இருக்கும் மெல்லிய கலவை அது. மேட்டில் தங்காமல் ஓடிப்போய்ப் பள்ளங்களில் சேரும், அங்கே நிழலாகக் காயும். கடையில் கிடைப்பது இல்லையென்றால் அடர்பழுப்பு அக்ரிலிக்கைத் தண்ணீரில் நன்றாக நீர்த்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரே ஒரு துளி சேர்த்துக்கொள்ளலாம். வெறும் தண்ணீர் முத்துமுத்தாக நிற்கும், சோப்பு அந்தப் பரப்பு இழுவிசையைக் குறைத்து இடுக்குக்குள் ஓட வைக்கும். தட்டையான இடத்தில் தேங்கி நின்றால் காய்ந்தபின் வட்டமாக ஒரு கறை விளிம்பு விழும். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான தூரிகையால் அதை உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

டிரை பிரஷ் அதற்கு நேரெதிர். பழைய, மயிர் விறைத்த தட்டைத் தூரிகை போதும். அடிநிறத்தைவிட வெளிர்ந்த பெயிண்டைத் தொட்டு, தாளில் தேய்த்துத் தேய்த்துக் கிட்டத்தட்ட ஒன்றுமே வராத நிலைக்குக் கொண்டுவந்து, மாடலின் மேல் லேசாக வீச வேண்டும். விளிம்புகளும் மேடுகளும் மட்டும் பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும். முதல் நாலைந்து வீச்சில் எதுவும் தெரியவில்லையென்றால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். கற்சுவர், மரப்பலகை, செங்கல் இதெல்லாம் இந்த இரண்டு உத்தியாலேயே முக்கால்வாசி முடிந்துவிடும். சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கற்களை மட்டும் சற்றுப் பழுப்பாகவோ பச்சை கலந்த சாம்பலாகவோ முன்னதாகப் பூசி வைத்தால் இன்னும் அழகாக வரும். வழவழப்பான குழாயில் டிரை பிரஷ் வேலைக்காகாது. அங்கே பிடித்துக்கொள்ள மேடு இல்லை, வெறும் கீறலாகத்தான் விழும்.

இப்போது அந்தக் கேள்வி

எண்ணெய்த் தொட்டிக்குத் திரும்புவோம். வெளிர்ச் சாம்பல் நிறம் பூசி, நிழல் கொடுத்தாயிற்று. துரு வைக்க வேண்டும். எங்கே?

துரு என்பது இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து உண்டாவது. தொட்டிக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அந்தப் பெயிண்ட் இருக்கும்வரை தண்ணீர் இரும்பைத் தொட முடியாது. அப்படியானால் இரண்டு நிபந்தனைகள் சேர வேண்டும்: பெயிண்ட் போயிருக்க வேண்டும், தண்ணீர் தங்க வேண்டும். மேல்மூடியும் உடலும் சேரும் வளையம், ஆணித்தலைகளின் சுற்று, ஏணி பொருத்திய இடம், தரையைத் தொடும் அடிவிளிம்பு. தொட்டியின் வழவழப்பான நடுப்பகுதி, ஏதாவது மோதியிருந்தால் தவிர, சுத்தமாகவே இருக்கும். புதியவர்கள் துருவை உடம்பு முழுக்கச் சமமாகத் தூவிவிடுகிறார்கள். அது அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும்.

செய்முறையைப் பார்ப்போம். பொருள்களைப் பொதிந்து வரும் நுரைப்பஞ்சில் ஒரு சின்னத் துண்டைப் பிய்த்துக்கொள்ளுங்கள். அடர்பழுப்புப் பெயிண்டைத் தொட்டு, தாளில் ஒற்றிவிட்டு, மேலே சொன்ன இடங்களில் மட்டும் மெல்ல ஒற்றுங்கள். ஒழுங்கற்ற புள்ளிகள் விழும். தூரிகையால் எவ்வளவு முயன்றாலும் அந்த ஒழுங்கின்மை வராது. காய்ந்ததும், சில புள்ளிகளின் நடுவில் மட்டும் கூரான தூரிகையால் செம்மஞ்சள் தொடுங்கள். பழைய துரு கறுத்த பழுப்பாக இருக்கும், புதிதாகப் பிடித்தது செம்மஞ்சளாக இருக்கும் என்பதால் இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால்தான் கண் நம்பும். இப்போது ஓர் ஆணித்தலையின் கீழ் நீர்த்த துருநிறத்தில் ஒரு சின்னப் பொட்டு வைத்து, சில நொடிகளில் ஈரத் தூரிகையால் நேர்கீழே இழுங்கள். மேலே அடர்த்தியாகத் தொடங்கி, கீழே போகப்போக மெலிந்து காணாமல் போகும் ஒரு கீற்று கிடைக்கும். மழைத் தண்ணீர் துருவைக் கழுவி இறக்கிய தடம் அது. எல்லா ஆணிக்கும் வைக்காதீர்கள். பத்தில் மூன்றுக்கு வைத்தால் போதும், நீளமும் ஒன்றுபோல் இருக்க வேண்டாம்.

பெயிண்ட் பெரிய பெரிய செதிலாக உரிந்த தோற்றம் வேண்டுமென்றால் ஹேர்ஸ்ப்ரே உத்தி இருக்கிறது. முதலில் முழுக்கத் துருநிறம் பூசி, அதைக் காக்க ஒரு வார்னிஷ். பிறகு தலைமுடிக்கு அடிக்கும் சாதாரண ஹேர்ஸ்ப்ரே. அது காய்ந்ததும் மேல்நிறத்தை அக்ரிலிக்கில் பூசி, அன்றைக்கே தண்ணீரால் நனைத்து விறைப்பான தூரிகையால் தேய்த்தால், ஹேர்ஸ்ப்ரே கரைந்து மேல்நிறம் அங்கங்கே பெயர்ந்து வரும். பனிக்காலத்தில் வண்டிகள்மேல் அவசரத்துக்குப் பூசிய வெள்ளை நிறம் தேய்ந்துபோவதைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பொருள் மாறினால் பதிலும் மாறும். மரம் துருப்பிடிக்காது, வெயில் பட்ட பழைய மரம் பழுப்பாகவும் இருக்காது. சூரியனின் புற ஊதாக்கதிர், மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மிஞ்சுவது வெள்ளிச் சாம்பல் நிற நார். அதனால் வெளியில் கிடக்கும் வேலி, பாலம், பலகைக்குச் சாம்பல் நிறமே அடிப்படை. செம்பும் வெண்கலமும் பச்சை பூக்கும். அலுமினியம் செந்துருப் பிடிக்காது, ஆகவே அலுமினியத் தகட்டால் ஆன விமானத்தில் செம்மஞ்சள் வைத்தால் தப்பு. சுவரில் நிழலும் ஈரமும் சேரும் அடிப்பகுதியில் பாசி வரும். எரிந்த வீட்டில் கரி ஜன்னலுக்கு மேல்தான் ஏறும், தீயும் புகையும் மேல்நோக்கிப் போவதால்.

பீரங்கி வண்டி செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் சுவையானது. சங்கிலிப் பட்டையில் தரையில் உரசும் பகுதி ஓடி ஓடிப் பளபளக்கும் எஃகாக இருக்கும், உரசாத பள்ளங்களில் மண்ணும் பழுப்புத் துருவும் இருக்கும். வீரர்கள் ஏறி இறங்கும் மூடியின் விளிம்பிலும் காலை வைக்கும் இடத்திலும் பெயிண்ட் தேயும். புகைபோக்கிக் குழாயின் சூட்டில் பெயிண்ட் எரிந்துபோவதால், மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தாலும் அது மட்டும் துருப்பிடித்திருக்கும். மண் கீழே அடர்த்தியாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்கும், தூசு மட்டும் தட்டையான மேற்பரப்புகளில் படியும்.

வரலாற்றுப் போரை ஆடுவதானால் அடிநிறத்துக்கும் தேதி உண்டு. ஜெர்மன் ராணுவ வண்டிகள் இரண்டாம் உலகப் போரின் முதல் ஆண்டுகளில் அடர்சாம்பலில் இருந்தன. 1943 பிப்ரவரி உத்தரவுக்குப் பிறகு அடர்மஞ்சள் அடிநிறமாயிற்று. அதன் மேல் பச்சையும் செம்பழுப்பும் களத்திலேயே பூசப்பட்டன. அடியில் சிவப்பு ஆக்சைடு பிரைமர் இருந்ததால், ஒரு கீறல் ஆழமாகப் போகாதவரை உள்ளே தெரிய வேண்டியது மங்கிய சிவப்பு, இரும்பு இல்லை. சோவியத் வண்டிகளுக்குப் பச்சை, அமெரிக்க வண்டிகளுக்கு ஆலிவ் டிராப் என்ற பழுப்பு கலந்த பச்சை. சண்டையில் இருந்த வண்டிகள் வருடக்கணக்கில் துருப்பிடித்து நின்றவை இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கத் துருப்பிடித்த வண்டி என்றால் அது எரிந்து கைவிடப்பட்டது. அதை மேசையில் தடுப்பாக வைக்கலாம்.

எவ்வளவு போதும்

கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வேலை செய்யும்போது எதுவுமே போதாது போலத் தோன்றும். ஆட்டத்தில் மாடலைப் பார்ப்பது கை நீளத் தூரத்திலிருந்து. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் மாடலை மேசை நடுவில் வைத்துவிட்டு எழுந்து நின்று பாருங்கள். அந்தத் தூரத்தில் ஆணித்தலைக் கீற்று மெலிதாகத் தெரிந்தால் சரி. தெரியவே இல்லையென்றால் கொஞ்சம் கூட்டுங்கள். தொட்டியைப் பார்ப்பதற்கு முன் துரு கண்ணில் பட்டால், அடிநிறத்தை நீர்த்துத் துருவின் மேலேயே அங்கங்கே தடவி அடக்கிவிடலாம். எதுவும் கெட்டுப்போகாது.

ஆட்டத்துக்கான மாடலை நிறையக் கைகள் தொடும். வார்னிஷ் இல்லாமல் விட்டால் முதலில் விளிம்புப் பெயிண்ட் போகும், அதுவும் நிஜத் தேய்மானம் போல இருக்காது, அடியிலிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். தூசுக்கும் மண்ணுக்கும் நிறமிப் பொடி தூவியிருந்தால் அது இன்னும் சீக்கிரம் கையோடு வந்துவிடும். அதனால் மேசை மாடல்களில் பொடிக்குப் பதிலாக, பழுப்புப் பெயிண்டோடு நுண்மணலும் வெள்ளைப் பசையும் கலந்து சேறாக அப்பி விடுவதே எனக்குப் பிடித்த வழி. எல்லாவற்றுக்கும் மேல், பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் மெல்லியதாக இரண்டு பூச்சு. ஈரப்பதம் அதிகமான நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்காதீர்கள், பனி படர்ந்தது போல வெளுத்துவிடும். நுரை மாடலுக்குத் தூரிகையால் பூசும் அக்ரிலிக் வார்னிஷ்தான் பாதுகாப்பு.

மேட் வார்னிஷ் காய்ந்ததும் கடைசியாக ஒன்று செய்யலாம். தொட்டியின் குழாய் வாய்க்குக் கீழே, அடர்பழுப்பில் கொஞ்சம் கறுப்பு கலந்து ஒரு வழிசல் இழுத்து, அது காய்ந்தபின் அதன் மேல் மட்டும் பளபளப்பு வார்னிஷை நுனித் தூரிகையால் தொடுங்கள். சுற்றிலும் மங்கலாக இருக்க, அந்த ஒரு கோடு மட்டும் விளக்கில் மின்னும். எண்ணெய் இப்போதுதான் ஒழுகியிருக்கிறது. ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, மறுநாள் மேசைக்கு எடுத்துப் போங்கள்.